“நல்ல புத்தகமொண்டு தாங்கோ”: வன்னியின் சிறு நூலகங்களில் வாசகருக்கு நூல் எடுத்துக் கொடுக்கும் முறை

கருமபீடத்தில் வந்து நின்று “நல்ல புத்தகமொண்டு தாங்கோ” என்று கேட்பவருக்கு வேண்டியது தனக்கு ஒத்துவரும் ஒரு புத்தகம். ‘நல்ல’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பரிசு பெற்ற நாவல் ஒன்றை நீட்டினால், அது இரண்டு கிழமை கழித்து, முப்பதாம் பக்கத்தில் செருகிய பஸ் ரிக்கற்றோடு திரும்பி வரும். புத்தகத்தில் பிழையில்லை. யாருக்கு என்று கேட்காமல் கொடுத்ததுதான் பிழை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் மூன்று இதைப் பற்றியவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதனுடைய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி.

கீழே உள்ளவை பிரதேச சபை நூலகங்கள், அவற்றின் கிளைகள், சனசமூக நிலைய வாசிகசாலைகள் போன்ற இடங்களை மனதில் வைத்து எழுதியவை. ஒரு நூலகர், ஒன்றிரண்டு உதவியாளர்கள், சில ஆயிரம் புத்தகங்கள், புதிய கொள்வனவுக்குக் குறைந்த பணம் என்ற நிலைமைக்கு இவை பொருந்தும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருப்பின் பெரும்பகுதி நன்கொடையாக வந்த நூலகங்களில் ஒரே நூலுக்கு ஐந்து பிரதி இருக்கும், தொடர் நாவலின் இரண்டாம் பாகம் மட்டும் இருக்கும், யாருக்கும் உதவாத பழைய கணினிப் பாடநூல் ஒரு தட்டு நிறைய இருக்கும். கையில் உள்ளதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே முதல் வேலை கையில் என்ன உள்ளது என்று அறிவது.

இருப்பை அறிதல்

தமிழ் நாவலும் சிறுகதையும், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் 894.8113 என்ற ஒரே எண்ணுக்குக் கீழே, ஆசிரியர் பெயர் ஒழுங்கில் நிற்கின்றன. துப்பறியும் கதையும் குடும்பக் கதையும் கடற்கரைக் கதையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். எடுத்ததைத் திருப்பி வைக்கும் எங்களுக்கு இது வசதியான ஒழுங்கு. வாசகருக்கு அது ஒன்றையும் சொல்லாது. பயிர்ச்செய்கை நூல் தேடுபவரை 630 என்ற எண்ணுக்கு அனுப்பலாம். “மனசுக்கு லேசா ஏதாவது” என்று கேட்பவரை அனுப்ப ஓர் எண்ணும் கிடையாது.

இதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். நூலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நூற்பெயர், ஆசிரியர், சேர்விலக்கம் (நூலகப் பதிவேட்டில் அந்தப் பிரதிக்குக் கொடுத்த எண்), பக்க எண்ணிக்கை ஆகியவை தலைப்பில். அதன் கீழே அட்டவணைப் பதிவேட்டில் இல்லாத விடயங்கள் வர வேண்டும்: எழுத்துப் பெரிதா சிறிதா, அத்தியாயம் எத்தனை பக்கம், பாத்திரங்கள் எத்தனை பேர், உரையாடல் கூடவா வருணனை கூடவா, எந்த ஊர்ப் பேச்சு, மொழிபெயர்ப்பா. எழுத்தின் பருமனை அளக்கக் கருவி தேவையில்லை, ஒரு முழுப் பக்கத்தில் உள்ள வரிகளை எண்ணினால் போதும். வழமையான டெமி அளவு, அதாவது சாதாரண நாவல் அளவுப் பக்கத்தில் 28, 30 வரி என்றால் கண்ணுக்குச் சுகம். 36ஐத் தாண்டினால் வெள்ளெழுத்து உள்ளவருக்கு அந்தப் பதிப்பைக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் முழுதாக வாசிக்க எந்த நூலகராலும் முடியாது. வாசிக்காத நூலை ஓரளவு அறிய இருபது நிமிடம் போதும். பின்னட்டையை நம்ப வேண்டாம், அது விளம்பரம். முன்னுரையையும் முதலில் தொட வேண்டாம். நம்முடைய முன்னுரைகள் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதிப் பாதியைப் புகழும் வழக்கம் உள்ளவை. முதல் ஐந்து பக்கத்தை ஒரு வரியும் விடாமல் வாசியுங்கள். பிறகு நடுவில் இரண்டு பக்கம். கடைசி அத்தியாயத்தின் முதற்பக்கம். இவ்வளவில் நடை, வேகம், துக்கமா சிரிப்பா என்பது பிடிபட்டுவிடும். நாளுக்கு ஒன்று, கிழமைக்கு ஐந்து என்றால் ஐந்து மாதத்தில் நூறு நூல். மூவாயிரம் நூலுள்ள கிளையில் நன்றாகத் தெரிந்த நூறு நூல் இருந்தால் கருமபீடத்தில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம்.

கொப்பியில் ஒரு வரியை மட்டும் சிவப்புப் பேனையால் எழுதுங்கள்: மனதை நோகச் செய்யக்கூடியவை. இடம்பெயர்வு, ஷெல் வீச்சு, காணாமல் போனவர், பிள்ளையின் சாவு, தற்கொலை, பாலியல் வன்முறை. எத்தனையாம் பக்கம் என்பதும் வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது.

எல்லாப் பணியாளரும் இதில் சேர வேண்டும். காவலாளியும் சேரலாம். மர்ம நாவலைத் தவிர வேறொன்றையும் தொடாத ஓர் உதவியாளர் இருந்தால் அவரைத் திருத்த முயலாதீர்கள். அந்தத் தட்டுக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

கருமபீடத்தில் கேட்பது

“என்ன மாதிரிப் புத்தகம் விருப்பம்?” என்று கேட்டால் “எதெண்டாலும் பரவாயில்லை” என்ற பதில்தான் வரும். அது பரீட்சைக் கேள்வி போல ஆளை முழிக்க வைக்கும். “கடைசியா எதை முடிச்சனீங்கள்?” என்று தொடங்குங்கள். அதைவிடப் பயன்தருவது அடுத்த கேள்வி: “எதைப் பாதியில விட்டனீங்கள்?” மனிசர் தமக்குப் பிடித்ததைச் சொல்லத் தயங்குவார்கள், பிடிக்காததைச் சொல்லத் தயங்கமாட்டார்கள்.

விட்ட காரணத்திலேயே அடுத்த புத்தகத்துக்கான வழி இருக்கும். “ஆக்கள் கூட, ஆர் ஆரெண்டு விளங்கேல்லை” என்றால் பாத்திரம் குறைந்த நாவல். “இழுத்துக்கொண்டு போகுது” என்றால் அத்தியாயம் ஐந்தாறு பக்கத்தில் முடியும் நூல், அல்லது சிறுகதைத் தொகுப்பு. “அவையின்ர பேச்சு பிடிபடேல்லை” என்றால் கொங்குப் பேச்சிலோ நெல்லைப் பேச்சிலோ எழுதியதை விட்டு ஈழத்துப் பேச்சில் உள்ளதைக் கொடுங்கள். “ஒரே கவலை” என்றால் சிவப்பு வரி இல்லாத பக்கங்களைப் புரட்டுங்கள்.

இதுவரை புத்தகம் எடுத்தே இராதவரிடம் நூலைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை. “ரீவியில என்ன பாக்கிறனீங்கள்?” “பேப்பர் எடுத்தா முதல்ல எந்தப் பக்கம் பாப்பியள்?” என்று கேளுங்கள். வழக்குச் செய்தி பார்ப்பவருக்குத் துப்பறியும் கதை. இராசிபலன் பார்த்த பிறகு சமையல் குறிப்புப் பார்ப்பவருக்குச் சமையல் நூலோடு ஒரு குடும்ப நாவல். பத்திரிகையில் கட்டுரைப் பக்கத்துக்கு நேரே போகிறவர் நாவலைத் தொடமாட்டார், அவரை வரலாறு, வாழ்க்கை வரலாறுத் தட்டுக்கு அழைத்துப் போங்கள்.

“எப்ப வாசிப்பியள்?” என்ற கேள்வியையும் மறக்க வேண்டாம். பிள்ளைகள் படுத்த பிறகு அரை மணித்தியாலம் கிடைப்பவருக்கும், கிளினிக் வரிசையில் இருந்து வாசிப்பவருக்கும், துணுக்காயிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவருக்கும் ஒரே புத்தகம் சரிவராது. பஸ்ஸில் 500 பக்கக் கட்டிப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது.

பிறகு மூன்று நூலை எடுத்துக் கொடுங்கள். ஒன்று கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டும் என்று நினைப்பார், எட்டைக் கொடுத்தால் ஒன்றையும் எடுக்கமாட்டார். மூன்றில் முதலாவது அவர் சொன்னதற்குக் கிட்ட நிற்பது, இரண்டாவது சற்று விலகியது, மூன்றாவது மெல்லியது. “அங்க மூண்டாம் இறாக்கையில பாருங்கோ” என்று கைகாட்டுவது பரிந்துரை ஆகாது. நடந்து போய் எடுத்து, முதற்பக்கத்தை விரித்துக் கையில் கொடுத்து, ஒன்றுக்கு ஒரு வசனம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் மரியாதைக்காக ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்.

போகும்போது சொல்ல வேண்டிய ஒரு வசனம் உண்டு: “பிடிக்காட்டி முடிக்க வேணுமெண்டில்லை, கொண்டுவந்து மாத்துங்கோ.” பள்ளிக்கூடப் பழக்கத்தால், தொடங்கிய புத்தகத்தை முடிக்காமல் திருப்பிக் கொடுப்பது குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். முடிக்காத புத்தகம் வீட்டிலேயே கிடக்கும், திகதி பிந்தும், தண்டப்பணத்துக்குப் பயந்து ஆளும் வராமல் விடுவார். ஒரு வசனத்தில் தடுக்கக்கூடிய இழப்பு இது.

குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். சின்ன ஊரில் கருமபீடத்துக்கு முன்னால் நிற்கும் நாலு பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். விவாகரத்தைப் பற்றியோ மனச்சோர்வைப் பற்றியோ நூல் தேடுபவர் அந்தச் சத்தத்தில் வாய் திறக்கமாட்டார். யார் எதை எடுத்தார் என்று மற்றவரிடம் சொல்வதும் கூடாது, “உங்கட தங்கச்சி இதைத்தான் எடுத்தவ” என்ற அன்பான பேச்சும் இதில் அடங்கும்.

சீட்டு

ஆளில்லாத நேரத்திலும் பேசுவதற்குத்தான் நூலுக்குள் செருகி வைக்கும் பரிந்துரைச் சீட்டு. ஏ4 அளவு பிறிஸ்டல் போட் ஒன்றை நீளவாக்கில் ஐந்தாகப் பிரித்துக் குறுக்கே வெட்டினால் 21 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 6 செ.மீ. அகலமும் உள்ள ஐந்து சீட்டு வரும். டெமி அளவுப் புத்தகத்துக்குள் செருகினால் மேலே 4 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டி நிற்கும் பகுதியில் யாருக்கு என்பதை மட்டும் எழுதுங்கள்: ‘பஸ்ஸில் வாசிக்க’, ‘சிரிக்க வேணும் எண்டால்’, ‘பெரிய எழுத்து’, ‘கடல் தெரிந்தவருக்கு’. மீதி உள்ளே இருக்கட்டும். தலைப்பைப் பார்த்து இழுத்தெடுத்தவர் உள்ளேயுள்ளதை வாசிப்பார், அதற்குள் புத்தகம் கைக்கு வந்துவிடும்.

உள்ளே 20 முதல் 30 சொல். கறுப்பு மார்க்கரின் மெல்லிய முனையால், எழுத்து அரை செ.மீ. உயரத்துக்குக் குறையாமல், கையால் எழுதுங்கள். ஜெல் பேனை வேண்டாம், வியர்வைக் கை பட்டால் கரையும். கணினியில் அடித்து எடுத்த சீட்டு நீட்டாக இருக்கும், ஆனால் சபை அறிவித்தல் போலத் தெரிவதால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். பின்பக்கத்தில் சேர்விலக்கத்தைப் பென்சிலால் குறித்துவிட்டால், விழுந்த சீட்டை உரிய புத்தகத்தில் சேர்க்கலாம்.

என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலான சீட்டுகள் கெட்டுப்போகின்றன. ‘அற்புதமான நாவல். அனைவரும் கட்டாயம் வாசிக்க வேண்டும்’ என்ற சீட்டை எந்தப் புத்தகத்தில் செருகினாலும் பொருந்தும், ஆகவே அது ஒன்றையும் சொல்லவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘நிலக்கிளி, அ. பாலமனோகரன். தண்ணிமுறிப்பில், காட்டோரம் வாழும் குடும்பத்தின் கதை. 1973இல் வந்தது. ஆட்கள் குறைவு, பேச்சு எங்கட பக்கத்துப் பேச்சு. கனகாலம் புத்தகம் தொடாதவர் இதில் தொடங்கலாம். – இரவல் பகுதி உதவியாளர்.’

இடம், காலம், வாசிக்க எவ்வளவு இலகு, யாருக்கு என்ற நாலும் அதில் உள்ளன. புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. கதையின் முடிவையோ நடுவில் வரும் சாவையோ எழுதக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனாலும் ‘இறுதியில் கண்ணீர் வரவழைக்கும்’ என்று எழுதிய சீட்டுகள் எத்தனையோ உண்டு.

முழுதாக வாசித்த நூலுக்கு மட்டும் பணியாளர் பெயரிலோ பதவியிலோ சீட்டு எழுதலாம். இருபது நிமிடம் பார்த்த நூலுக்கு அது கூடாது. வாசகர் ஒருவர் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னதை வேறு நிற அட்டையில் ‘வாசகர் சொன்னது’ என்று எழுதுங்கள், பெயர் போட வேண்டாம். மஞ்சள் நாங்கள் வாசித்தது, வெள்ளை வாசகர் சொன்னது என்று வைத்துக்கொண்டால் வாசகருக்கும் இரண்டு மாதத்தில் பழகிவிடும். வாசிக்காமல் எழுதிய மஞ்சள் சீட்டை ஒரு வாசகர் கண்டுபிடித்தால் போதும், மற்ற மஞ்சள் சீட்டுகளின் மதிப்பும் போய்விடும்.

ஒட்டுவது பற்றி ஓர் எச்சரிக்கை. செலோரேப்பை அட்டையில் ஒட்டாதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் பசை உருகி மஞ்சள் கறையாகும், பிரிக்கும்போது அட்டையின் மேற்பூச்சும் சேர்ந்து வரும். இறப்பர் வளையம் ஒரு கோடை தாங்காது, இளகி ஒட்டிக்கொள்ளும். காகிதக் கிளிப்பும் ஸ்ரேப்பிள் ஊசியும் மாரி ஈரத்தில் துருவேறும். செருகி வைத்தால் போதும்.

தட்டு

சீட்டுச் செருகிய நூல்களை வைக்கும் பரிந்துரைத் தட்டுக்குத் தனி இறாக்கை வேண்டியதில்லை. கருமபீடத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து 120 முதல் 150 செ.மீ. உயரத்தில் ஒரு தட்டை ஒழித்தால் போதும். சிறுவருக்கு 80 செ.மீ. புத்தகத்தின் முதுகு தெரியாமல் முகப்பு தெரிய நிறுத்துங்கள். தாங்கி இல்லையென்றால் காட்போட் பெட்டியை முக்கோணமாக மடித்துப் பின்னால் கொடுக்கலாம். மூன்று அடித் தட்டில் ஐந்து நூல் முகம் காட்டி நிற்கும், இரண்டு தட்டென்றால் பத்து. அதற்கு மேல் அடுக்கினால் அது வழமையான இறாக்கையாகிவிடும்.

மேற்குப் பக்க யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், இரண்டு மாதத்தில் முகப்பு வெளிறிப்போகும். கிரவல் வீதியோரம் உள்ள கட்டிடமென்றால் நாளும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், ஈரத்துணி புழுதியைச் சேறாக்கி அட்டையில் பூசிவிடும். மாரியில் சுவரிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி வையுங்கள். கரையான் சுவரோடுதான் ஏறும்.

தட்டில் இடைவெளி விழுவது நல்ல அடையாளம், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறுமையாக இருந்தால் ‘முடிஞ்சுது போல’ என்று ஆள் விலகிப் போவார். சீட்டு எழுதிய ஐந்தாறு நூலைக் கருமபீடத்துக்குக் கீழே தயாராக வைத்திருந்து உடனே நிரப்புங்கள். இரவல் காலம் இரண்டு கிழமை என்றால் தட்டையும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாதியாக மாற்றுவது கணக்கு. முழுதாக மாற்றினால், போன முறை பார்த்து வைத்துவிட்டு இன்று எடுக்க வந்தவர் ஏமாந்துபோவார். புத்தகம் இரவலில் போனால் சீட்டையும் அதோடு அனுப்புங்கள். பக்க அடையாளமாகப் பயன்படும், வீட்டில் இன்னொருவரும் வாசிப்பார், திரும்பி வராவிட்டால் இன்னொன்று எழுதலாம்.

தொடர் நூலைத் தட்டில் வைக்கமுன் எல்லாப் பாகமும் உண்டா என்று இறாக்கையில் கண்ணால் பாருங்கள், பதிவேட்டை நம்ப வேண்டாம். பொன்னியின் செல்வனுக்கு ஐந்து பாகம். மூன்றாம் பாகம் காணாமல் போன நூலகத்தில் முதற்பாகத்துக்குச் சீட்டு எழுதுவது வாசகரை நடுவழியில் இறக்கிவிடும் வேலை. பக்கத்துச் சபை நூலகத்தில் உண்டா என்று தொலைபேசியில் கேட்டு, அங்கே எடுக்க முடியும் என்று உறுதியான பிறகு வைக்கலாம்.

பெரிய நூலகமோ சிறியதோ, நகருக்கு வருபவர்களுக்கு நேரம் இல்லை. கச்சேரி, வங்கி, கிளினிக் அலுவல் முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு முதல் பத்து நிமிடம் எட்டிப் பார்ப்பவர்களுக்காகத் தட்டின் ஓர் ஓரத்தில் 150 பக்கத்துக்கு உட்பட்ட நாலைந்து நூலை ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்ற தலைப்போடு எப்போதும் வைத்திருங்கள். இது சிறிய வேலை, பலன் அதிகம்.

சறுக்கும் இடங்கள்

கமக்காரர் வந்தால் நெற்செய்கை நூல், கடற்றொழிலாளர் வந்தால் மீன்பிடி நூல் என்று நீட்டுவது முதற் சறுக்கல். பகல் முழுக்க வயலில் நிற்பவர் இரவிலும் வயலைப் பற்றித்தான் வாசிக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பயிர் நோய்க்கு மருந்து தேடி வந்தால் அவரே கேட்பார்.

இரண்டாவது, போர்க்கால எழுத்து. வன்னியில் அந்த நூல்களைத் தேடி வருபவரும் உண்டு, தற்செயலாகத் திறந்து பத்து நாள் நித்திரை இழப்பவரும் உண்டு. இருவரையும் முகத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆகவே அவற்றை ஒளிக்க வேண்டாம், கேட்காதவருக்குத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். கேட்டால், “இதில இடம்பெயர்வு, செல்லடி எல்லாம் வருது, பாத்து எடுங்கோ” என்று ஒரு வசனம் சொல்லிக் கொடுங்கள். கொப்பியின் சிவப்பு வரி இதற்குத்தான். வைகாசி மாதத்தில் பரிந்துரைத் தட்டு இன்னும் கவனம் வேண்டும், பல வீடுகளில் அது நினைவு நாட்களின் மாதம்.

மூன்றாவது, படிப்பு இடையில் நின்றுபோனவர்கள். இடம்பெயர்ந்த ஆண்டுகளில் பள்ளிக்கூடம் போகாமல் விட்டு இப்போது முப்பது, நாற்பது வயதில் வாசிக்க விரும்புபவர்கள் நம்மிடையே உண்டு. இவர்களைச் சிறுவர் பகுதிக்கு அனுப்புவது அவமதிப்பு. எழுத்துப் பெரிதாகவும் வசனம் குறுகியதாகவும் உள்ள வளர்ந்தோர் நூல்கள் இருக்கின்றன: நாட்டார் கதைத் தொகுப்பு, சமையல், வீட்டுத்தோட்டம், படத்தோடு கூடிய உடல்நல நூல், ஒரு பக்கக் கதைகள். “பிள்ளைக்கு வாசிச்சுக் காட்ட எடுங்கோ” என்று சொல்லிச் சிறுவர் நூலையும் சேர்த்துக் கொடுக்கலாம், யாருக்கும் முகம் சுருங்காது. “எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஊர் ஒரே மாதிரி ஆட்களால் ஆனது என்று எண்ணுவதும் பிழை. குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர், பழைய வன்னிக் குடிகள், முஸ்லிம் குடும்பங்கள், வவுனியாப் பக்கம் சிங்கள வாசகர் என்று எல்லோரும் ஒரே கருமபீடத்துக்கு வருகிறார்கள். பத்து நூலில் ஒன்றாவது மலையக எழுத்து, ஒன்றாவது முஸ்லிம் எழுத்தாளர் நூல், வவுனியாவில் ஒன்றிரண்டு சிங்கள நூல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிப்பு பாதிக்கு மேல் போகாமல் பாருங்கள். கிடைக்காத ஈழத்து நூலை ஒருவர் கேட்டால், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள். அங்கே இருந்தால் நூலகத்துக் கணினியிலேயே திறந்து காட்டலாம்.

சபைக்குச் சொந்தமான இடம் என்பதால் கட்சிப் பிரசாரமும் மதப் பிரசாரமும் தட்டில் வரக்கூடாது. நூல் இரவல் பகுதியில் இருக்கலாம், பணியாளரின் சீட்டு அதற்கு வேண்டாம். தட்டைத் தொடங்கமுன் செயலாளரிடம் ஒரு வரி எழுத்தில் அனுமதி பெற்று வைத்தால் பிறகு வரும் கேள்விகளுக்குப் பதில் இருக்கும்.

சிறுவருக்கு வேறு சிக்கல். புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டில் பெற்றோர் மாதிரி வினாத்தாள் தொகுப்பைத் தவிர வேறொன்றையும் எடுக்க விடமாட்டார்கள். சண்டை பிடிக்காதீர்கள். “ஒண்டு சோதினைக்கு, ஒண்டு பிள்ளை தெரியட்டும்” என்று இரண்டு இரவல் அட்டைக்கும் பங்கு பிரியுங்கள். தரம் அறிய, பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடிக்கச் சொல்லுங்கள். பக்கம் முடியமுன் ஐந்து விரலும் மடிந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஒரு விரலும் மடியாவிட்டாலும் பரவாயில்லை, இலகுவாக வாசிப்பதும் வாசிப்புத்தான்.

எப்போது செய்வது

தேசிய வாசிப்பு மாதம் ஒக்ரோபர். வன்னியில் அது காலபோக விதைப்புத் தொடங்கும் மாதம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி வைக்க நல்ல காலம், வளர்ந்தோரை எதிர்பார்த்து அந்த மாதம் தட்டை நிரப்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தை, மாசியில் அரிவி வெட்டி நெல்லும் விற்று முடிந்த பிறகு, பங்குனியிலிருந்து சிறுபோக வேலை சூடுபிடிக்கும் வரை கிடைக்கும் கிழமைகளே கமக்காரக் குடும்பங்களுக்கு வாசிக்க நேரம் உள்ள கிழமைகள். பெரிய நாவல்களை அப்போது வையுங்கள். முல்லைத்தீவுக் கரையில் இது மாறி வரும். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போகாத நாட்கள் அதிகம், ஆகவே கார்த்திகை, மார்கழியில் கடற்கரைக் கிளைகளுக்கு ஒரு பெட்டி புத்தகம் கூடுதலாக அனுப்பலாம். அதே காலத்தில் குளம் வான் பாய்ந்து உள்வீதிகள் தடைப்படும் என்பதால், திகதி முத்திரை குத்தும்போதே ஒரு கிழமை கூட்டிக் கொடுப்பது நல்லது, சபை விதி இடங்கொடுத்தால்.

வட்ஸ்அப்பில் சொல்வதானால் குழு தொடங்காமல், ஒலிபரப்புப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் எல்லோருக்கும் தெரியும், பெண் வாசகர் பலர் அதனாலேயே விலகுவார்கள். பட்டியலில் ஒருவரை ஒருவர் காணமாட்டார். ஆனால் நூலகத்தின் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும், ஆகவே அங்கத்துவப் படிவம் நிரப்பும்போதே சம்மதம் கேட்டு, இலக்கத்தைச் சேமிக்கச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு படம், மூன்று வரி. காலை வணக்கப் பூப்படம் அனுப்பத் தொடங்கிய நாளோடு அந்தப் பட்டியலை ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

பலன் பார்ப்பது

நூலின் பின்னால் ஒட்டியுள்ள திகதித் தாளே கணக்குப் புத்தகம். தட்டில் வைக்கும் நாளில் கடைசி முத்திரைக்குக் கீழே பென்சிலால் ஒரு சிறு கோடு போடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோட்டுக்கு மேலுள்ள ஆறு மாத முத்திரைகளையும் கீழுள்ளவற்றையும் எண்ணினால் சீட்டு வேலை செய்ததா என்று தெரியும். கணினியில் இரவல் பதியும் இடங்களில் இன்னும் இலகு. எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதோடு எத்தனை நாளில் திரும்பியது என்பதையும் பாருங்கள். மறுநாளே திரும்பும் நூல் ஒரே இருப்பில் வாசித்து முடிக்கப்பட்டதாக இருக்கும், இல்லையேல் ஐந்தாம் பக்கத்தில் கைவிடப்பட்டதாக இருக்கும். எதுவென்று “எப்பிடி இருந்தது?” என்று கேட்டால்தான் தெரியும்.

நாலு கிழமையாக அசையாத நூலை உடனே இறக்க வேண்டாம். முதலில் சீட்டின் தலைப்பை மாற்றுங்கள், ‘குடும்பக் கதை’ என்று எழுதியதை ‘மாமியார் மருமகள் சண்டை இல்லாத குடும்பக் கதை’ என்று எழுதிப் பாருங்கள். பிறகு இடத்தை மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இறாக்கைக்கு அனுப்பி, காரணம் என்ன என்று தோன்றுவதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் காரணம் சிறிய எழுத்தாகவோ கிழிந்த முகப்பாகவோ இருக்கும். முகப்பு கிழிந்திருந்தால் வெள்ளைத் தாளில் பெயரை அழகாக எழுதி ஒட்டினாலே போதும்.

கொப்பியை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். பணியாளருக்கு இடமாற்றம் வந்தால், சேர்வுப் பதிவேடு, திறப்புக் கோர்வை, முத்திரை ஆகியவற்றோடு அதையும் கையளிப்புப் பட்டியலில் ஓர் இலக்கமிட்டு எழுதி, புதிதாக வருபவரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள்.